ஒரு துளி சீரம்
(மருத்துவமனை நண்பர்களின் ஆண்டுக் கூடுகையில் கொடுக்கப்பட்ட உரை)



 இந்த ஆண்டும் உங்கள் ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் நம் வார்டுகளின் கதவுகள் திறந்திருக்கின்றன. அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்தரிக்கிறோம்.

சென்ற ஆண்டுக் கூடுகையில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டபோது, பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து, "லேப் செலவில் ஏ.என்.ஏ. பரிசோதனை என்று ஒரு தொகை போட்டிருக்கிறீர்களே, ஐயா, அது என்ன? அந்தப் பணத்துக்குப் பிரசவ வார்டில் நாலு ஃபேன் மாட்டியிருக்கலாமே" என்று கேட்டார். சாப்பாட்டு நேரமாகிவிட்டபடியால் அன்றைக்கு இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி முடித்துக்கொண்டோம். கேள்வி நியாயமானது. பிடி அரிசிக் காணிக்கையையும் கோழி முட்டை விற்ற காசையும் சேர்த்து அனுப்புகிறவர்களுக்கு, அது எங்கே போகிறது என்று கேட்க எல்லா உரிமையும் உண்டு. ஆகவே இந்த ஆண்டு மற்ற அறிக்கைகளை அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, இந்த ஒரு காரியத்தைக் குறித்து மட்டும் விரிவாகப் பேசும்படி தீர்மானித்தோம். சில இடங்களில் பள்ளிக்கூடத்து அறிவியல் பாடம் போல இருக்கும். பொறுமையாய்க் கேட்கும்படி வேண்டுகிறோம்.

முதலாவது, ஒரு வியாதியஸ்தரைக் குறித்துச் சொல்கிறோம். பெயரும் ஊரும் வேண்டாம். இருபத்திரண்டு வயதுப் பெண்; பனியன் கம்பெனியில் வேலை. ஆறு மாதமாக விட்டு விட்டுக் காய்ச்சல், விரல் மூட்டுகளில் வலி, சீப்பில் கொத்துக் கொத்தாய் முடி. ஓரிடத்தில் டைபாய்டு என்றார்கள். இன்னோரிடத்தில் சிக்குன்குனியா என்றார்கள். வெயிலில் போய்வந்தால் மூக்கின் இரு பக்கமும் கன்னங்களில் சிவந்து தடித்தது. அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்கள் செய்வினை என்று சொல்ல, தாயத்துக் கட்டவும் செலவாயிற்று. நிச்சயம் பண்ணியிருந்த மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். எங்களிடம் வந்த நாளில் முகமும் கால்களும் வீங்கியிருந்தன. சிறுநீரைச் சோதித்தபோது அதில் புரதம் நிறைய இறங்கியிருந்தது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டுவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

இதற்கு லூப்பஸ் என்று பெயர். பத்து லூப்பஸ் வியாதியஸ்தர்களில் ஏறக்குறைய ஒன்பது பேர் பெண்கள்; அதிலும் பிள்ளை பெறும் வயதிலுள்ளவர்களே அதிகம். இது ஒட்டுவாரொட்டியல்ல. கிருமியால் வருகிற நோயுமல்ல. நம் சரீரத்தைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி, காவல்காரனே வீட்டுக்காரனை அடிக்கிறதுபோல, சொந்தச் சரீரத்தின்மேலே திரும்பிவிடுகிற நோய்.

நம் இரத்தத்திலே ஆன்டிபாடி என்கிற புரதங்கள் உண்டு. எதிர்ப்பொருள் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அம்மை வந்து போனாலும், தடுப்பூசி போட்டாலும், அந்தக் கிருமிக்கென்றே உண்டாகிற ஆன்டிபாடிகள் இரத்தத்தில் தங்கி, மறுபடி அது வந்தால் பிடித்துக்கொள்ளும். சரீரம் தனக்கு விரோதமாகவே விஷம் உண்டாக்கிக்கொள்ள இடங்கொடாது என்று 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பால் எர்லிக் என்ற ஜெர்மானிய அறிஞர் எழுதினார். வெகுகாலம் வைத்தியர்கள் அதையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்படி நடக்கத்தான் செய்கிறது என்று ஒத்துக்கொள்ள அரை நூற்றாண்டு பிடித்தது.

லூப்பஸில் ஆன்டிபாடிகள் குறிவைக்கிற இடம் விசித்திரமானது. தோலையோ மூட்டையோ அவை நேராகத் தேடிப் போவதில்லை. ஒவ்வொரு செல்லின் நடுவிலும் உட்கரு இருக்கிறது. அதற்குள்ளே குரோமோசோம்கள் இருக்கின்றன. மனுஷருக்கு 46. ஒரே ஒரு செல்லின் உட்கருவில் இருக்கிற டி.என்.ஏ. இழையை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் வரும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சின்ன அறைக்குள் இரண்டு மீட்டர் இழை சிக்கில்லாமல் அடங்கியிருப்பது எப்படி? தையல் மிஷினில் பாபின் இருக்கிறதல்லவா, அதில் நூலைச் சுற்றி வைக்கிறதுபோல, ஹிஸ்டோன் என்கிற புரத உருளைகளின்மேல் அந்த இழை சுற்றப்பட்டிருக்கிறது. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஒரு உருளை, அதன்மேல் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் சுற்று, பிறகு அடுத்த உருளை. இப்படிக் கோடிக்கணக்கில். சிருஷ்டிகரின் கைவேலையை நினைத்துத் துதிக்கிறோம்.

லூப்பஸ் நோயாளியின் ஆன்டிபாடிகள் இந்த இழையையும், இந்த பாபினையும், இரண்டும் சேர்ந்த சுருளையும் அந்நியன் என்று எண்ணிப் பிடிக்கின்றன. உயிருள்ள செல்லுக்குள் அவை எளிதில் நுழைவதில்லை. ஆனால் நம் சரீரத்தில் ஒவ்வொரு நாளும் ஏராளமான செல்கள் மடிகின்றன. ஆரோக்கியமானவர்களிடத்தில் அந்தக் குப்பையை வெள்ளை அணுக்கள் உடனே கூட்டி அள்ளிவிடுகின்றன. லூப்பஸில் அந்தத் துப்புரவு வேலை தாமதப்படுகிறது. உட்கருவின் உள்சாமான்கள் வெளியே கிடக்கின்றன. ஆன்டிபாடி அவற்றோடு ஒட்டுகிறது. ஒட்டிய கட்டிகள் சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் படிந்து அங்கே அழற்சியை உண்டாக்குகின்றன. 1967-ல் நியூயார்க்கைச் சேர்ந்த ஹென்றி குங்கெலும் அவருடைய உடன் ஊழியர்களும், லூப்பஸால் மரித்தவர்களின் சிறுநீரகத்திலிருந்தே டி.என்.ஏ.க்கு விரோதமான ஆன்டிபாடியைப் பிரித்தெடுத்துக் காண்பித்தார்கள். அதற்குப்பின் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

இதெல்லாம் முதலில் எப்படிப் பிடிபட்டது என்பதையும் சொல்லவேண்டும். 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டாக்டர் மால்கம் ஹார்கிரேவ்ஸும் இரண்டு உடன் ஊழியர்களும் எலும்பு மஜ்ஜையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, ஒரு வெள்ளை அணு இன்னொரு செல்லின் உட்கருவை முழுசாய் விழுங்கி வைத்திருப்பதைக் கண்டார்கள். அதற்கு எல்.ஈ. செல் என்று பெயரிட்டார்கள். நம் மூத்த நர்ஸ் அம்மாமார்கள் சிலருக்கு அந்தப் பழைய பரிசோதனை நினைவிருக்கும். வேலை அதிகம், பலன் கொஞ்சம். 1957-ல் ஒரே ஆண்டில் பல நாடுகளில், ஒருவரையொருவர் அறியாமலேயே, லூப்பஸ் வியாதியஸ்தரின் இரத்தத்தில் உட்கருவுக்கும் டி.என்.ஏ.க்கும் விரோதமான ஆன்டிபாடி இருப்பதைக் கண்டுகொண்டார்கள். அதே சமயத்தில் பிரிட்டனில் ஹோல்பரோ என்பவரும் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ரியூ என்பவரும் ஒளிரும் சாயத்தைக் கொண்டு அதைக் கண்ணால் பார்க்க வழி செய்தார்கள். நம் கணக்கில் எழுதியிருக்கிற ஏ.என்.ஏ. பரிசோதனை அதுதான்.

அதைச் செய்வது பெரிய மர்மமல்ல. மெல்லிய செல்கள் ஒட்டிய கண்ணாடி ஸ்லைடு விலைக்குக் கிடைக்கிறது. வியாதியஸ்தரின் இரத்தத்தைத் தெளியவைத்து எடுத்த சீரத்தை 80 மடங்கு நீர்க்கச் செய்து ஒரு துளி அதன்மேல் விடுகிறோம். அரை மணி நேரம் வைத்துக் கழுவுகிறோம். உட்கருவுக்கு விரோதமான ஆன்டிபாடி இருந்தால் அது செல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இல்லாவிட்டால் தண்ணீரோடு போய்விடும். பிறகு மனுஷ ஆன்டிபாடியைப் பிடிக்கிற பச்சைச் சாயத்தை விட்டு, மறுபடி கழுவி, இருட்டறையில் பார்க்கிறோம். ஒரு சபையார் வாங்கிக்கொடுத்த மைக்ரோஸ்கோப் இன்னும் நன்றாகவே வேலை செய்கிறது. முன்சொன்ன பெண்ணின் ஸ்லைடில் எல்லா உட்கருவும் பச்சை நிலாவைப்போல் நிறைந்து ஒளிர்ந்தது. டி.என்.ஏ.யும் ஹிஸ்டோனும் குறியாயிருந்தால் இப்படித் தெரியும். டி.என்.ஏ.க்கென்று தனியே செய்கிற பரிசோதனைக்கு நகரத்துக்கு இரத்தம் அனுப்பினோம். அதுவும் மிக அதிகமாய் இருந்தது.

எல்லாருக்கும் நிலா போலத் தெரிவதில்லை. இதுதான் இந்தக் கதையில் எங்களை மிகவும் ஆச்சரியப்படுத்துகிற பகுதி. மீன் விற்கிற ஒரு தாயார் வந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய வயது. ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டால் விரல்கள் வெள்ளைவெளேரென்று வெளுத்து, பிறகு நீலமாகி, பிறகு சிவந்து எரியும். பல வருஷமாகவே அப்படித்தான். விரல் தோல் இறுகி, கல்யாண மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. சாப்பாடு நெஞ்சில் நிற்கிறது. முகத்தில் ஊசிமுனை போலச் சிவப்புப் புள்ளிகள். அவர்களுடைய சீரத்தை ஸ்லைடில் விட்டபோது உட்கரு முழுதும் ஒளிரவில்லை. ஒவ்வொரு உட்கருவிலும் கோலப்புள்ளி வைத்ததுபோலச் சிறுசிறு பச்சைப் பொட்டுகள். இரண்டாகப் பிரியப்போகிற செல்லில் அந்தப் பொட்டுகளெல்லாம் நடுவிலே ஒரே வரிசையாய் நின்றன.

அந்தப் பொட்டு ஒவ்வொன்றும் ஒரு குரோமோசோமின் இடுப்பு. சென்ட்ரோமியர் என்பார்கள். செல் இரண்டாகும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கிற கயிறுகள் வந்து மாட்டுகிற இடம் அது. இந்தப் பொட்டுகளை முதலில் அடையாளங்கண்டு 1980-ல் எழுதியவர்களில் மலாயாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய டாக்டர் எங் டான் ஒருவர். அதற்கு முன்னே எலியின் ஈரலை மெல்லியதாய் வெட்டி ஸ்லைடாக வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் செல்கள் அபூர்வமாகவே பிரியும். ஆகையால் இந்தப் பொட்டுகளின் அர்த்தம் ஒருவருக்கும் விளங்கவில்லை. வேகமாய்ப் பெருகுகிற மனுஷச் செல்களை வைத்துப் பார்த்த பிறகே விளங்கிற்று. ஸ்கிளீரோடெர்மா என்கிற தோல் இறுகும் நோயில், மெதுவாய் நடக்கிற வகையினரிடத்தில் இது விசேஷமாய்க் காணப்படுகிறது.

இதற்குப்பின் நடந்ததை நன்றாய்க் கவனியுங்கள். குரோமோசோமின் அந்த இடுப்பு எந்தப் புரதங்களால் ஆனது என்று அதுவரை உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. மிகவும் கொஞ்சமாய் இருக்கிற புரதங்கள், பிரித்தெடுக்க வழியில்லை. வில்லியம் எர்ன்ஷா, நவோமி ராத்ஃபீல்டு என்ற இரண்டு விஞ்ஞானிகள், ஸ்கிளீரோடெர்மா வியாதியஸ்தர்களின் சீரத்தையே தூண்டிலாக்கினார்கள். நோயாளியின் ஆன்டிபாடி எதைப் பிடிக்கிறதோ அதுவே நாம் தேடுகிற புரதம் என்பது அவர்கள் கணக்கு. 1985-ல் மூன்று புரதங்கள் அகப்பட்டன; அவற்றுக்கு சென்ப்-ஏ, சென்ப்-பி, சென்ப்-சி என்று பெயரிட்டார்கள். 1991-ல் சென்ப்-ஏ சாதாரணப் புரதமல்ல, அது ஒரு தனிவிதமான ஹிஸ்டோன் என்று உறுதியாயிற்று. அதாவது, மற்ற இடங்களில் இருக்கிற பாபினுக்குப் பதிலாக, கயிறு மாட்டவேண்டிய இடத்தில் மட்டும் வேறு ஒரு பாபின் வைக்கப்பட்டிருக்கிறது. இன்றைக்குப் புற்றுநோயைக் குறித்து ஆராய்கிறவர்களும், செல் பிரிகையில் குரோமோசோம் எண்ணிக்கை ஏன் பிசகுகிறது என்று ஆராய்கிறவர்களும் இந்தப் புரதங்களை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள்.

விரல் இறுகி, சோறு இறங்காமல் தவித்த சில பெண்களின் இரத்தத்தால் கிடைத்த அறிவு இது. அவர்களுடைய பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்த அறிவினால் அவர்களில் யாரும் சுகமடைந்ததாகவும் நாங்கள் சொல்லமாட்டோம். ஸ்கிளீரோடெர்மாவை முழுசாய்க் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் பொட்டுகளைக் கண்டபடியால் அந்த மீன்காரத் தாயாருக்கு என்ன செய்தோம் என்று சொல்ல முடியும். வருஷத்துக்கு ஒருமுறை எக்கோ எடுக்கிறோம். இந்த வகையினருக்குப் பல ஆண்டுகள் கழித்து நுரையீரல் இரத்தக்குழாயில் அழுத்தம் கூடுவதுண்டு, அது மூச்சிரைப்பாய் வெளிப்படும் முன்னே பிடிக்கவேண்டும். இரத்தக்குழாயை விரிக்கிற மாத்திரை, நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை கொடுத்தோம். ஐஸில் கை வைக்கும்போது ரப்பர் கையுறைக்குள் கம்பளி உறை போடச் சொன்னோம். பெண்கள் சங்கத்துச் சகோதரி ஒருவர் பின்னிக் கொடுத்தார்கள். அது எங்கள் மாத்திரையைவிட நன்றாய் வேலை செய்தது என்று அந்தத் தாயாரே சொன்னார்கள். இதே நோயில் டோபோஐசோமரேஸ் என்ற இன்னொரு குரோமோசோம் புரதத்துக்கு விரோதமாய் ஆன்டிபாடி இருந்தால் கதை வேறு. அவர்களுக்கு நுரையீரலே கெட்டியாகக்கூடும், வெகு சீக்கிரம் கவனிக்கவேண்டும். எந்தப் புரதம் என்று தெரிவதால் எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிகிறது.

ஸ்லைடில் இருக்கிற செல்கள் எங்கிருந்து வருகின்றன என்றும் சொல்லவேண்டும், ஏனென்றால் அது எங்கள் மனச்சாட்சியைத் தொட்ட காரியம். அந்தச் செல்லினத்துக்கு ஹெப்-2 என்று பெயர். தொண்டைப் புற்றுநோயிலிருந்து எடுத்தது என்றுதான் முதலில் எண்ணப்பட்டது. பிற்காலத்தில் சோதித்தபோது, அது ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்மணியின் செல்லினம் கலந்து, அதுவே மேற்கொண்டு வளர்ந்தது என்று தெரியவந்தது. அவர்கள் ஐந்து பிள்ளைகளின் தாய். புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்த கறுப்பினக் குடும்பம். 1951-ல் கர்ப்பவாய்ப் புற்றுநோயால் 31 வயதில் மரித்தார்கள். சிகிச்சையின்போது எடுத்த செல்களை அவர்களிடம் கேட்காமலேயே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். உலகமெங்கும் அந்தச் செல்கள் விற்கப்பட்டன. குடும்பத்தாருக்கு இருபது ஆண்டுக்கும் மேலாக ஒன்றும் தெரியாது. 2023-ல்தான் ஒரு கம்பெனி அந்தக் குடும்பத்தாரோடு சமரசம் செய்துகொண்டது. நம் லேபில் பச்சையாய் ஒளிருகிற ஒவ்வொரு உட்கருவும் அந்தத் தாயின் சரீரத்தின் வழிவந்தது.

இதை ஏன் சொல்லுகிறோம்? நகரத்திலுள்ள ஒரு ஆராய்ச்சி நிலையத்தார், நம்மிடம் வருகிற லூப்பஸ் வியாதியஸ்தர்களின் சீரத்தைக் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதிலாக விலை உயர்ந்த பரிசோதனைகளை இலவசமாய்ச் செய்து தருகிறோம் என்கிறார்கள். "எங்கள் ஜனங்களின் இரத்தத்தை விற்கிறீர்களா?" என்று ஒரு சபைச் செயலாளர் எங்களுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை நிர்வாகக் குழுவில் முழுசாய் வாசித்தோம். நாங்கள் எடுத்த தீர்மானம் இது: தமிழிலே எழுதிய தாளை வாசித்துக்காட்டி, அவர்கள் வாயாலே திருப்பிச் சொல்லக் கேட்ட பிறகே கையெழுத்து. புருஷனோ தகப்பனோ போடுகிற கையெழுத்து செல்லாது, வியாதியஸ்தரே போடவேண்டும். வேண்டாம் என்றால் வைத்தியத்தில் ஒரு குறையும் இராது. சிலர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் வழக்கம்போல் மாத்திரை வாங்கிக்கொண்டு போகிறார்கள். முதலில் சொன்ன பனியன் கம்பெனிப் பெண் சம்மதித்தாள். எதற்கம்மா என்று கேட்டதற்கு, "எனக்குப் பிறகு வருகிறவளுக்கு ஆறு மாசம் வீணாப் போக வேண்டாம் சார்" என்றாள்.

இனி, இந்தப் பரிசோதனையைக் குறித்து எச்சரிப்பாய்ச் சில வார்த்தைகள். இப்போது டவுனில் "முழு உடல் பரிசோதனை" என்று போர்டு போட்டு, கேட்காதவர்களுக்கெல்லாம் ஏ.என்.ஏ. பார்க்கிறார்கள். பிறகு "பாசிட்டிவ்" என்ற தாளைக் கையில் பிடித்து அழுதுகொண்டு நம்மிடம் வருகிறார்கள். 1997-ல் பதினைந்து சர்வதேச ஆய்வகங்கள் சேர்ந்து ஆரோக்கியமானவர்களின் சீரத்தைச் சோதித்தன. 40 மடங்கு நீர்த்த நிலையில் நூற்றுக்கு ஏறக்குறைய 32 பேருக்கும், 80 மடங்கில் 13 பேருக்கும், 320 மடங்கில்கூட 3 பேருக்கும் பாசிட்டிவ் வந்தது. ஒரு நோயும் இல்லாதவர்கள் இவர்கள். ஆகவே தாளில் ஒரு வார்த்தையைப் பார்த்துப் பயப்படவேண்டாம். அந்த வார்த்தையை வைத்து ஒரு பெண்ணின் சம்பந்தத்தை நிறுத்தவும் வேண்டாம். 2019-ல் ஐரோப்பிய, அமெரிக்க மூட்டுவாத வைத்தியர்கள் வகுத்த விதியிலும், 80 மடங்கில் ஏ.என்.ஏ. இருப்பது வாசற்படி மட்டுமே. உள்ளே போக வேறு அடையாளங்கள் வேண்டும். எங்கள் வைத்தியர்கள் காரணம் எழுதாமல் இந்தப் பரிசோதனையைக் கேட்கக்கூடாது என்று விதி வைத்திருக்கிறோம். செலவு கட்டுக்குள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

காசநோய்க்காரர்களைக் குறித்தும் ஒரு வார்த்தை. 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம், சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் சுகமாகும் என்று உலகத்துக்குக் காட்டியது. நம் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த பெருமை அது. அந்த வைத்தியத்தின் முதுகெலும்பு ஐசோனியாசிட் மாத்திரை. அதைச் சாப்பிடுகிற சிலருக்கு, பாபின் என்று சொன்னோமே, அந்த ஹிஸ்டோனுக்கு விரோதமாய் ஆன்டிபாடி உண்டாகி ஏ.என்.ஏ. பாசிட்டிவ் ஆகிறது. மிகச் சிலருக்கு மட்டும் லூப்பஸ் போன்ற மூட்டுவலியும் காய்ச்சலும் வரும். மருந்தை மாற்றினால் அது அடங்கிப்போம். தாளைப் பார்த்துப் பயந்து காசநோய் மாத்திரையைத் தாங்களாக நிறுத்துகிறவர்கள்தான் ஆபத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் சபையில் யாராவது அப்படிச் சொன்னால் தயவுசெய்து முதலில் எங்களிடம் அனுப்புங்கள்.

இப்படிப்பட்ட குறைகள் இருந்தும் இந்தப் பரிசோதனையை நாங்கள் ஏன் விடாமல் வைத்திருக்கிறோம் என்றால், லூப்பஸ் காத்திருக்காத நோய். 1955-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வின்படி, நோய் கண்டறிந்து நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிப் பேர் மரித்தார்கள். இன்று நல்ல வைத்தியம் கிடைக்கிற இடங்களில் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உயிரோடிருக்கிறார்கள். வித்தியாசம் பெரும்பாலும் சீக்கிரம் கண்டுபிடிப்பதிலும், ஸ்டீராய்டு முதலிய மருந்துகளை அளவறிந்து கொடுப்பதிலும், சிறுநீரகத்தை விடாமல் கவனிப்பதிலும் இருக்கிறது. 2003-ல் அமெரிக்க ராணுவத்தார் சேமித்து வைத்திருந்த பழைய சீரத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். பிற்பாடு லூப்பஸ் வந்த 130 பேரில் 115 பேருக்கு, நோய் கண்டறியும் முன்னமே ஆன்டிபாடி இரத்தத்தில் இருந்தது. சிலருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே. அத்தனை காலம் சத்தமில்லாமல் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கிறது.

புதிய வைத்தியங்களும் வருகின்றன. 2022-ல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்து வைத்தியர்கள், மற்ற மருந்துகளுக்கு அடங்காத ஐந்து லூப்பஸ் வியாதியஸ்தர்களின் வெள்ளை அணுக்களையே எடுத்து, மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்தினார்கள். மூன்று மாதத்தில் ஐந்து பேருக்கும் நோய் அடங்கிற்று, டி.என்.ஏ.க்கு விரோதமான ஆன்டிபாடியும் மறைந்தது. கேட்கச் சந்தோஷமாயிருக்கிறது. ஆனால் அந்த வைத்தியத்தின் செலவு நமக்கு எட்டாதது. அதற்காக உங்களிடம் பணம் கேட்க நாங்கள் வரவில்லை.

நாங்கள் கேட்பது ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் மாத்திரைக்கு. மலேரியாவுக்கென்று வந்த பழைய மருந்து. லூப்பஸ்காரர்களுக்கு அன்றாட ஆகாரம் போன்றது. 2020-ல் கோவிட் வந்தபோது அதுவே கோவிட்டுக்கும் மருந்து என்று பேச்சுப் பரவி, கடைகளில் கிடைக்காமல் போயிற்று. கோவிட்டுக்கு அதனால் பயனில்லை என்று பிற்பாடு தெரிந்தது. அந்த வாரங்களில் எங்கள் வியாதியஸ்தர்கள் மாத்திரையைப் பாதியாய் ஒடித்துச் சாப்பிட்டார்கள். அதன்பின் மூன்று மாத இருப்பு கையில் வைக்கிறோம். அதைச் சாப்பிடுகிறவர்களுக்குக் கண் பரிசோதனை தவறக்கூடாது. நம் கண் வைத்தியப் பிரிவு அதை இலவசமாய்ச் செய்கிறது. மாதந்தோறும் வந்து சிறுநீர் பார்க்கப் பஸ் செலவுக்கு இல்லாமல் நின்றுவிடுகிறவர்களே அதிகம். ஏ.என்.ஏ. ஸ்லைடுக்கு ஆகிற தொகையைவிட இந்தப் பஸ் செலவுதான் எங்களுக்குப் பெரிய கவலை என்பதை ஒளிக்காமல் சொல்கிறோம். கண்டுபிடித்துவிட்டுக் கைவிட்டால் கண்டுபிடித்ததில் பலனில்லை.

வியாதியஸ்தர்கள் எங்களிடம் கேட்கிற ஒரு கேள்வியையும் சொல்லிவிடுகிறோம். "நான் என்ன பாவம் செய்தேன்?" பிறவிக்குருடனைக் கண்டபோது சீஷர்களும் ஏறக்குறைய அதையேதான் கேட்டார்கள், ஆண்டவர் அந்தக் கணக்கை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் நம் சபைகளிலேயே இந்தப் பெண்களைப் பார்த்து அப்படிப் பேசுகிறவர்கள் உண்டு. ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பி, முடி கொட்டி வருகிற பெண்ணிடம் "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு" என்று கேட்டு, அவள் மாத்திரையை நிறுத்தி, ஆறு வாரத்தில் நினைவிழந்து வந்ததைப் பார்த்திருக்கிறோம். போதகர் ஐயாமார்களே, இதைப் பிரசங்கபீடத்திலிருந்து நீங்கள் ஒருமுறை சொன்னால் நாங்கள் நூறுமுறை சொல்வதற்குச் சமம். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

பனியன் கம்பெனிப் பெண்ணுக்குச் சிறுநீரில் புரதம் குறைந்திருக்கிறது, முழுசாய் நிற்கவில்லை. மறுபடி வேலைக்குப் போகிறாள், இரவு ஷிப்டு மட்டும் வேண்டாமென்று சான்று கொடுத்திருக்கிறோம். வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பதை மற்றப் பெண்கள் கேலி செய்கிறார்களாம், அவள் விடுவதாயில்லை. மீன்காரத் தாயாரின் எக்கோ இந்த ஆண்டும் சரியாயிருந்தது.

ஜெபக் குறிப்புகளாக மூன்றைக் கேட்டுக்கொள்கிறோம். லேபில் இருபத்தாறு ஆண்டுகளாய் இந்த ஸ்லைடுகளை வாசித்துவருகிற சகோதரி அடுத்த மார்ச்சில் ஓய்வு பெறுகிறார்கள். பொட்டுக்கும் நிலாவுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கப் பழகிய கண்கள் ஒரு நாளில் உருவாகிறதில்லை, அவர்களுக்குப் பதிலாகப் பயிற்சி பெற ஒரு பிள்ளை வேண்டும். பஸ் செலவு நிதிக்கு இந்த ஆண்டு இதுவரை வந்திருப்பது ஆகஸ்ட் மாதம்வரைக்குமே போதும். சீரம் கொடுக்கச் சம்மதித்தவர்களின் சம்மதத் தாள்களை அடுத்த வாரம் நிர்வாகக் குழு ஒவ்வொன்றாய்ப் பார்க்கப்போகிறது. அதற்குப் பின்னரே முதல் பெட்டி நகரத்துக்குப் போகும். கேள்வி உள்ளவர்கள் சாப்பாட்டுக்குப் பின் லேபுக்கு வாருங்கள்; இருட்டறையில் ஒரு ஸ்லைடு வைத்திருக்கிறோம், ஒவ்வொருவராய்ப் பார்க்கலாம்.